வறுமையைப் படிக்கப் போனவர்கள்

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தம் மாணவர்களைக் குவாத்தமாலாவுக்கும் கென்யாவுக்கும் கம்போடியாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்புகின்றன. சிலர் இரண்டு வாரம் தங்குகிறார்கள், சிலர் ஒரு பருவம் முழுதும் தங்குகிறார்கள். கிராமங்களையும் நகரத்துக் குடிசைப் பகுதிகளையும் பார்த்து, மகளிர் குழுக்களையும் தொண்டு நிறுவனங்களையும் சந்தித்து, வறுமை பற்றியும் சமுதாய மேம்பாடு பற்றியும் கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்று ஊர் திரும்புகிறார்கள். இளைஞர்களுக்கு உலகத்தைக் கற்றுத்தரும் சிறந்த வழி இது என்று ஒரு சாரார் பாராட்டுகிறார்கள். ஏழைகளைக் காட்சிப்பொருளாக்கும் சுற்றுலா இது என்று மறு சாரார் கண்டிக்கிறார்கள். இரு தரப்பின் பேச்சும் மாணவரின் மனத்தையே சுற்றி வருகிறது: அவர் நோக்கம் தூயதா, அவருக்குப் பணிவு வந்ததா, அவர் பார்வை விரிந்ததா? இந்த வழக்கத்துக்கு ஏறக்குறைய 140 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோக்கத்தைக் கொண்டு இப்பயணங்களை எடைபோடுவது பயனற்ற வேலை என்று விளங்கும். மாணவர்கள் போன இடத்தில் செய்த உதவியால் பெரிய நன்மை விளைந்ததாகச் சான்று குறைவு. திரும்பி வந்தபின் தம் நாட்டுச் சட்டத்திலும் தம் நிறுவனங்களின் நடத்தையிலும் எதை மாற்றினார்கள், யாரைப் பார்த்து எழுதினார்களோ அந்த மக்களுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தார்களா என்ற இரண்டு கேள்விகளே நன்மையையும் தீமையையும் பிரித்திருக்கின்றன.

தொடக்கம் லண்டனில். 1883இல் ஆண்ட்ரூ மெர்ன்ஸ் என்ற பாதிரியார் லண்டன் ஏழைகளின் குடியிருப்பு நிலையை விவரித்து வெளியிட்ட சிறு நூல் பிரிட்டனை உலுக்கியது. மேற்கு லண்டனின் செல்வர்கள் கிழக்கு லண்டனைப் பார்க்கக் கூட்டமாகக் கிளம்பும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் பரவியது. கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் 1873 முதல் பங்குக் குருவாக இருந்த சாமுவேல் பார்னெட்டுக்கும் அவர் மனைவி ஹென்ரியட்டாவுக்கும் அந்த வேடிக்கை பிடிக்கவில்லை. அதே 1883ஆம் ஆண்டின் இறுதியில் பார்னெட் ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பட்டம் பெற்ற இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியேறி, அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்து, அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்பதே அது. 1884 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் டாய்ன்பி ஹால் திறக்கப்பட்டது. முப்பது வயதில் மறைந்த ஆக்ஸ்போர்டுப் பொருளியலாளர் ஆர்னால்ட் டாய்ன்பியின் பெயர் அதற்கு இடப்பட்டது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளை வறுமைக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கும் வழக்கம் ஓர் அமைப்பாக உருப்பெற்றது இங்கேதான். அவர்கள் கடல் தாண்டவில்லை. ஆனாலும் கப்பல்துறைக் கூலிகளும் தையல் தொழிலாளர்களும் புதிதாகக் குடியேறிய யூதர்களும் வாழ்ந்த அந்தத் தெருக்கள் ஆக்ஸ்போர்டு இளைஞர்களுக்கு வேற்று நாடாகவே இருந்தன.

டாய்ன்பி ஹால் மாலை வகுப்புகளும் ஓவியக் காட்சிகளும் நடத்தியது. அவற்றால் பயன்பெற்றவர்கள் உண்டு, ஆனால் ஒயிட்சேப்பலின் கூலியோ வாடகையோ அவற்றால் மாறவில்லை. மாற்றம் வேறு வழியில் வந்தது. 1903 முதல் 1905 வரை அங்கே துணைப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் பெவரிட்ஜ், காலையில் கப்பல்துறை வாசலில் கூடி நின்று அன்றைய வேலைக்காக முண்டியடிக்கும் கூலிகளைக் கவனித்தார். வேலையில்லாமை சோம்பலால் வருவதன்று, ஆளை நாளுக்கு நாள் எடுத்துவிடும் முறையால் வருவது என்ற முடிவுக்கு வந்தார். 1909இல் வெளியான அவருடைய நூல் அதையே வாதிட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய வேலைவாய்ப்பு நிலையச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1942இல் அவர் அளித்த சமூகப் பாதுகாப்பு அறிக்கையைச் செயல்படுத்தியது 1945இல் பிரதமரான கிளமென்ட் அட்லியின் அரசு. ஆக்ஸ்போர்டில் படித்த அட்லியும் கிழக்கு லண்டனில் சிறுவர் மன்றம் ஒன்றில் பல ஆண்டுகள் உழைத்தவர், டாய்ன்பி ஹாலின் செயலாளராகவும் சில காலம் இருந்தவர். மேட்டுக்குடிப் பிள்ளைகள் உயர்பதவிக்குப் போக அது ஒரு படிக்கட்டாக இருந்தது என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. அங்கே தங்கிய பலர் சில மாதங்களில் வழக்கறிஞராகவும் அதிகாரியாகவும் போய்விட்டார்கள். முடிவுகள் பெரும்பாலும் ஒயிட்சேப்பல் மக்களைக் கேட்டு எடுக்கப்படவில்லை. என்றாலும், நீண்ட காலம் தங்கிப் பார்த்ததை நாட்டின் சட்டமாக மாற்ற முயன்ற சிலரால்தான் அந்த இல்லம் வரலாற்றில் நிற்கிறது. தருமம் செய்ததற்காக யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்தவர்களில் மிகப் பெரிய பெயர் அமெரிக்கரான ஜேன் ஆடம்ஸ். ராக்போர்டு பெண்கள் கல்விக்கூடத்தில் 1881இல் படிப்பை முடித்த அவர், 1883இல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். நகரத்துக் கிறிஸ்தவ மிஷனரி ஒருவர் சுற்றுலாப் பயணிகள் சிலரை ஒரு சனிக்கிழமை இரவு கிழக்கு லண்டனின் மைல் எண்ட் சாலைக்கு அழைத்துப் போனார். அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலத்தில் எடுக்க ஏழைகள் கைநீட்டி நின்றதை வண்டியின் மேல்தட்டிலிருந்து பார்த்தவர்களில் ஆடம்ஸும் ஒருவர். அந்தக் காட்சியால் அவருக்கு ஏற்பட்ட மன உளைச்சல் பல ஆண்டுகள் நீடித்ததை 1910இல் எழுதிய தன்வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்த உளைச்சலால் யாருக்கும் பயனில்லை. ஐந்து ஆண்டுகள் அவர் எதுவும் செய்ய வழி தெரியாமல்தான் இருந்தார். 1888இல் டாய்ன்பி ஹாலுக்கு வந்து, அது இயங்கும் முறையைக் கேட்டறிந்தபோதுதான் வழி தெரிந்தது. அவர் லண்டனில் தங்கிவிடவில்லை. ஊர் திரும்பி, 1889 செப்டம்பரில் எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில், குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், ஹல் ஹவுஸைத் தொடங்கினார். ஒரே பெண்ணின் இரண்டு பயணங்கள் இவை. முதல் பயணம் பரிதாபத்தை மட்டுமே தந்தது. இரண்டாவது பயணம் தன் ஊரில் செய்ய வேண்டிய வேலையைக் காட்டியது.

ஹல் ஹவுஸ் செய்த வேலையின் தரம் அதன் அண்டை வீட்டாரால் உயர்ந்தது. அங்கே குடியிருந்த புளோரன்ஸ் கெல்லி, வீடுகளிலும் சிறு கூடங்களிலும் தையல் வேலை செய்த பெண்களையும் குழந்தைகளையும் பற்றித் தகவல் திரட்டினார். 1893இல் இல்லினாய் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்துவதைத் தடைசெய்தது, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரம்பிட்டது. கெல்லியே மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். எட்டு மணி நேர விதியை மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் ரத்து செய்தது உண்மை. ஆனால் அதே ஆண்டில் ஹல் ஹவுஸ் குடியிருப்பாளர்கள் தம் பகுதியின் ஒவ்வொரு வீட்டின் கூலியையும் தாயகத்தையும் வண்ணத்தில் காட்டும் வரைபடங்களை வெளியிட்டார்கள். வறுமையை ஒரு மனிதனின் குணக்கேடாகப் பார்க்க முடியாதபடி, தெருத்தெருவாக அதை எண்ணிக் காட்டிய ஆவணம் அது. இதே யோசனை பசிபிக் கடலையும் தாண்டியது. அமெரிக்கக் கல்லூரிகளில் படித்து, பிரிட்டனுக்கும் போய் அங்கிருந்த சமூகப் பணிகளைப் பார்த்து வந்த கதயாமா சென், 1897இல் தோக்கியோவில் கிங்ஸ்லி ஹாலைத் தொடங்கினார். ஜப்பானின் தொடக்ககாலத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னணியிலும் அவர் நின்றார். ஏழை நாட்டு மாணவர் பணக்கார நாட்டின் வறுமையைப் பார்த்துக் கற்ற பயணம் அது. பயணம் எப்போதும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே நடந்தது என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இந்த ஒரு சான்று போதும்.

சென்னையிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915இன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆங்கிலேய உழவர்களின் பொதுநிலங்கள் அடைக்கப்பட்ட வரலாற்றை ஏற்கெனவே நூலாக எழுதியவர் அவர். இங்கே ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து, விடுமுறையில் சொந்த ஊர் போகும் மாணவர்களிடம் கொடுத்தார். நிலம் யாரிடம் இருக்கிறது, குத்தகை எவ்வளவு, கூலி தானியமாகவா காசாகவா, கடன் யாரிடம், வட்டி என்ன என்று அவர்கள் விசாரித்து எழுதினார்கள். அந்த எழுத்துகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாக வந்தன. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்ற பெயர்கள் பொருளியல் ஆய்வாளர்களிடையே நிலைபெற்றன. இருவேல்பட்டில் திருமணக் கடனால் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த படியாட்களின் நிலை அதில் பதிவானது. பொருளியல் ஆய்வாளர்களான பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் இந்த ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் மீண்டும் போனார்கள். ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி இவ்வளவு காலம் பயன்பட்டதற்குக் காரணம், அடுத்தடுத்து வந்தவர்கள் அதே ஊருக்குப் போய் முன்பு எழுதியதைச் சரிபார்த்ததுதான். அதற்காக, உள்ளூர்க்காரன் போனால் போதும், வேற்று நாட்டான்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அன்றைய சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர் உயர்சாதி, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். படியாளின் குடியிருப்புக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த தொலைவு, ஆக்ஸ்போர்டுக்கும் ஒயிட்சேப்பலுக்கும் இருந்ததைவிடக் குறைவானதன்று. மொழி தெரிந்திருப்பது பெரிய முதல், ஆனால் அது ஒன்றே நியாயமான பார்வையைத் தந்துவிடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயணத்தின் நோக்கமே மாறியது. ஏழை நாடுகளை முன்னேற்றுவது அமெரிக்காவின் கடமை என்று 1949இல் அந்நாட்டு அதிபர் ஹாரி ட்ரூமன் அறிவித்தார். சோவியத் நாட்டுடனான பனிப்போரில் அந்த வாக்குறுதி ஓர் ஆயுதமாகவும் ஆயிற்று. 1958இல் பிரிட்டனில், தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் விஎஸ்ஓ அமைப்பு தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்க மாணவர்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்ற கிராஸ்ரோட்ஸ் அமைப்பும் தொடங்கியது. 1960 அக்டோபரில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடையே நள்ளிரவுக்குப் பின் அதிபர் வேட்பாளர் ஜான் கென்னடி பேசிய பேச்சு, 1961 மார்ச்சில் பீஸ் கார்ப்ஸ் அமைப்பாக வடிவம் பெற்றது. பார்னெட்டின் இளைஞர்கள் ஒயிட்சேப்பலுக்குக் கற்கவும்தான் போனார்கள். இப்போதோ புதிதாகப் பட்டம் வாங்கிய இருபத்திரண்டு வயதுக்காரர் உதவியாளராகவும் ஆசிரியராகவும் போனார். அந்த உறவின் விரிசல் முதல் ஆண்டிலேயே தெரிந்தது. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதானில் தங்கியிருந்த பீஸ் கார்ப்ஸ் தொண்டர் ஒருவர், அங்குள்ள வாழ்க்கை மிகப் பின்தங்கியது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதினார். ஊருக்குப் போக வேண்டிய அட்டை வழியில் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் கையில் கிடைத்தது. நகலெடுத்துப் பரப்பி, கூட்டம் போட்டு, தொண்டர்களைத் திருப்பி அனுப்பக் கோரினார்கள். அட்டையை எழுதியவர் நாடு திரும்பினார். நைஜீரியாவுக்கென்று ஹார்வர்டில் பயிற்சி பெற்றுப் போன குழு அது. பயிற்சியிலோ நல்லெண்ணத்திலோ குறையில்லை. தம்மைப் பற்றி எழுதப்படுவதைப் படிக்கவும் மறுக்கவும் எதிர்ப்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைவுதான் இல்லாமல் போயிற்று.

இந்தப் போக்கைக் கடுமையாகத் தாக்கியவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கக் குரு அவர், மெக்சிகோவின் குயர்நவாகா நகரில் ஓர் ஆய்வு மையம் நடத்தி வந்தார். கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர் அமைப்பின் கூட்டத்தில் 1968 ஏப்ரலில் பேசினார். நீங்கள் மொழி தெரியாதவர்கள், இந்த மக்களோடு உரையாடக்கூட முடியாதவர்கள், அறிந்தோ அறியாமலோ அமெரிக்க நடுத்தர வர்க்க வாழ்க்கையை விற்கும் முகவர்கள் என்றார். உங்கள் நாட்டு ஏழைகளிடம் போனால் அவர்களாவது வெளியே போ என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள், இங்குள்ளவர்களால் அதுவும் முடியாது என்றார். பயணங்களே கூடாது என்போர் இன்றும் இந்தப் பேச்சைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால் இல்லிச் பார்க்க வருவதையோ படிக்க வருவதையோ தடுக்கவில்லை. வரலாம், மலை ஏறலாம், பூக்களை ரசிக்கலாம், படிக்கலாம், உதவ மட்டும் வராதீர்கள் என்பதே அவர் முடிவு. அவர் வாதத்தின் ஆணிவேர், மறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. வரவேற்கிறவருக்கு மறுக்கும் வலு இல்லாத இடத்தில் எந்த உதவியும் திணிப்பாகும். அதே காரணத்தால், அந்த வலு இருக்கும்படி அமைக்கப்பட்ட பயணத்தை இல்லிச்சின் வாதம் வீழ்த்தாது.

அவர் எச்சரித்தது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கம்போடியா காட்டியது. விமானக் கட்டணம் குறைந்து, குறுகிய காலப் பயணங்கள் பெருகி, அனாதை இல்லங்களில் சில நாள் தொண்டு செய்வது ஒரு பண்டமாக விற்கப்பட்டது. 2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் குழந்தைகள் காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பார்க்க வருகிறவர்களுக்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்தே ஆராய்ந்தது. வந்த இளைஞர்களில் கெட்ட எண்ணம் கொண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மிகச் சிலர். தேவை பெருகியது, அதற்கேற்ப வழங்கல் பெருகியது, விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். நோக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கொடுமை கண்ணிலேயே பட்டிருக்காது.

அப்படியானால் விமானச் செலவை அந்த ஊருக்கே நன்கொடையாக அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் என்ன என்ற கேள்வி எழுகிறது. பயணத்தை உதவி என்று விற்கிறவர்களுக்கு இதற்குப் பதிலே கிடையாது. ஒரு மாணவர் கட்டும் சுவருக்கு ஆகும் செலவில் உள்ளூர்க் கொத்தனார்கள் பல சுவர் கட்டுவார்கள், வேலையும் பெறுவார்கள். பயணத்தைக் கல்வி என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்குப் பதில் உண்டு. மருத்துவ மாணவரை மருத்துவமனைக்கு அனுப்பும் செலவை நோயாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர் பின்னாளில் செய்யப்போகும் வேலைக்கு அந்தப் பயிற்சி வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே வறுமை இருக்கக் கடல் தாண்டுவானேன் என்ற கேள்வி இதைவிட வலுவானது. சிகாகோவின் வறுமை ஆடம்ஸின் காலத்தில் ஒளிந்திருக்கவில்லை, ஆனாலும் அதை என்ன செய்வது என்று லண்டனில்தான் அவர் தெரிந்துகொண்டார். மேலும், இன்று பணக்கார நாட்டு மாணவர் உடுத்தும் சட்டை ஏழை நாட்டுப் பெண் தைத்தது. அந்த வறுமையோடு அவருக்கு ஏற்கெனவே உறவு இருக்கிறது. பயணம் செய்ய வேண்டியது அந்த உறவை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது.

அப்படி நடந்ததற்கு ஹோண்டுராஸ் சான்று. பல்கலைக்கழகங்களின் பெயர் பொறித்த ஆடைகள் எந்த நிலைமையில் தைக்கப்படுகின்றன என்று 1990களின் இறுதியில் அமெரிக்க மாணவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களின் வற்புறுத்தலால், தொழிற்சாலைகளை நிறுவனங்களின் தயவின்றி ஆய்வு செய்யும் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு 2000இல் உருவாயிற்று. தொழிற்சங்கம் அமைத்திருந்த தொழிலாளர்கள் வேலை செய்த ரஸ்ஸல் ஆடை நிறுவனத்தின் ஹோண்டுராஸ் ஆலை ஒன்று 2009இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. சங்கத்தின் மீதான பகையும் மூடலுக்குக் காரணம் என்று கூட்டமைப்பின் விசாரணை சொன்னது. மாணவர்கள் ஹோண்டுராஸ் தொழிலாளர்களை அமெரிக்க வளாகங்களுக்கு வரவழைத்துப் பேசச் செய்தார்கள். பல பத்துப் பல்கலைக்கழகங்கள் ரஸ்ஸலுடனான ஒப்பந்தத்தை நிறுத்தின. 2009 நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, புதிய ஆலை திறக்கவும் வேலை இழந்த 1,200 பேரை மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் சம்மதித்தது. இங்கே மாணவர்கள் ஹோண்டுராஸில் கிணறு வெட்டவில்லை, பாடம் நடத்தவில்லை. தம் கைக்கெட்டிய அதிகாரத்தை, தம் பல்கலைக்கழகத்தின் கொள்முதலை, தொழிலாளர்கள் கேட்ட திசையில் திருப்பினார்கள். என்ன வேண்டும் என்று சொன்னவர்கள் தொழிலாளர்கள். பார்க்கப்பட வேண்டியவர்களே பயணம் செய்துவந்து பார்த்தார்கள், பேசினார்கள், கணக்குக் கேட்டார்கள்.

மாணவர்கள் எல்லோரும் பெவரிட்ஜோ கெல்லியோ ஆகமாட்டார்கள், அந்த அளவுகோல் அநியாயம் என்று சொல்லலாம். தனி மாணவரைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நான் வைக்கும் கோரிக்கை மாணவரிடம் அன்று, அனுப்புகிற பல்கலைக்கழகத்திடம். ஆண்டுக்கு ஆண்டு அதே ஊருக்குப் போகும் கடமையைப் பல்கலைக்கழகத்தால் ஏற்க முடியும், ஸ்லேட்டரின் கிராமங்கள் அதன் பயனைக் காட்டிவிட்டன. மொழி படிக்காதவரை அனுப்பாமல் இருக்கவும், மாணவர் எழுதியதை அந்த ஊர் மொழியில் அந்த ஊராருக்குத் தந்து மறுப்பைக் கேட்கவும் முடியும். வரவேற்கும் ஊரார் வேண்டாம் என்றால் பயணத்தையே கைவிடவும், அவர்கள் தரும் நேரத்துக்கும் கற்பித்தலுக்கும் ஆசிரியருக்குரிய ஊதியம் தரவும், அவர்களின் பிள்ளைகளைத் தன் வளாகத்துக்கு அழைத்துத் தன் நகரத்து வறுமையை ஆராயச் சொல்லவும் முடியும். தன் முதலீடுகளும் கொள்முதலும் அந்த ஊரின் கூலியை எப்படிப் பாதிக்கின்றன என்று கணக்குக் காட்டவும் முடியும். இவற்றில் எதையும் செய்ய மனமில்லாத பல்கலைக்கழகம், வறுமை பற்றிய பாடத்தை நூலகத்தில் நடத்துவதே நேர்மை. செய்ய முன்வரும் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைத் தயங்காமல் அனுப்பலாம், ஏனென்றால் அங்கே ஏழைகள் பாடப்பொருளாக இருக்கமாட்டார்கள், பாடத்தைத் திருத்தும் அதிகாரமுள்ள ஆசிரியர்களாக இருப்பார்கள்.